பெரியம்மா சொன்ன எதிர்ப்பு சக்தி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு சின்னத் தூக்கு வந்துவிடும். உள்ளே நிலவேம்புக் கஷாயம். தர்மபுரியில் காலேஜ் படிக்கும் பேரன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெரியம்மா அவன் பையில் வைத்து அனுப்புவார். பின்னாலேயே போனும் வரும். "வந்துச்சா கண்ணு? வெறும் வயித்துல குடி. உனக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல, அதான் இந்த வயிறு இப்பிடிப் போட்டுப் படுத்துது." 2020 வரைக்கும் இதே பேச்சில் 'சத்தே இல்ல' என்றுதான் இருந்தது. கொரோனா வந்து, தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றிய நாளிலிருந்து சத்து போய் எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது. நானும் இருபது வருடமாக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு அண்டா போதுமாக இருந்திருக்கிறது.

கஷாயத்தை நான் குடிப்பதில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன், செடி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெரியம்மாவின் பேச்சை அப்படிச் செடிக்கு ஊற்ற முடியவில்லை. எனக்கு இருப்பது கிரோன் நோய். குடல் அழற்சி நோய்களில் ஒன்று, அதன் அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்கது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் போனிலேயே சொல்லிவிட்டேன்: "பெரியம்மா, எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாகல. ஜாஸ்தியாயிடுச்சு. அதைக் குறைக்கத்தான் இத்தன மாத்திரையும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான?" சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரஞ்சு நிறத்தில் மூன்று மாதம்

2017 ஐப்பசியில் தொடங்கியது. வலது அடிவயிற்றில் வலி, நாளைக்கு ஆறேழு தடவை வெளியே போவது, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். முதலில் சூடு என்றார்கள், அப்புறம் வாய்வு. எங்கள் மாவட்டத்தில் எந்த நோய்க்கும் கடைசியில் தண்ணீரின் மேல் பழி விழும், "எல்லாம் இந்த போர் தண்ணி" என்று. அதில் நியாயமும் உண்டு. ஃப்ளூரைடு என் தலைமுறையின் பற்களில் எழுதிவைத்துவிட்டுப் போன பழுப்புக் கோடுகளை வகுப்பெடுக்கும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. பொங்கலுக்குள் பதினோரு கிலோ இறங்கி, ரவிக்கை எல்லாம் பிடித்துத் தைக்கும்படி ஆனது.

கோலனாஸ்கோபி செய்தார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள். எடுத்துச் சோதித்த சதைத் துணுக்கில் 'கிரானுலோமா' இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கிரானுலோமா என்பது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஏதோ ஒன்றைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருக்கும் முடிச்சு. குடல் டிபியிலும் அது வரும், கிரோனிலும் வரும். இரண்டுக்கும் பிடித்த இடமும் ஒன்றுதான். நம் நாட்டில் டிபி எவ்வளவு என்று தெரிந்த எந்த டாக்டருக்கும் முதலில் டிபிதான் தோன்றும், தோன்றவும் வேண்டும். டிபி இருப்பவருக்குக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவிவிடும். கிரோன் இருப்பவருக்கு டிபி மாத்திரை கொடுத்தால் போவது சில மாதங்கள். அதனால் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

எடைக்குத் தக்கபடி தினமும் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் பசி எடுத்தது, இரண்டு கிலோ ஏறியது, பெரியம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். கிரோன் இருப்பவர்களுக்கும் டிபி மாத்திரையில் கொஞ்ச நாள் தேறியது போலத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதக் கடைசியில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தபோது புண்கள் அப்படியே இருந்தன. டிபியாக இருந்திருந்தால் ஆறியிருக்கும். நோயின் பெயர் மாறியது, மாத்திரையும் மாறியது. பெயரைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை: 1932-ல் நியூயார்க்கில் இதைப் பற்றி எழுதிய மூன்று பேர் கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர். ஆங்கில அகரவரிசையில் முன்னால் வந்ததால் நோய் கிரோன் கணக்கில் போய்விட்டது. பதினான்கு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது.

பட்டாசு வெடிக்காத காவல்

'வெள்ளையணுக்கள் நம் உடலின் படைவீரர்கள்.' ஒன்பதாம் வகுப்பில் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நோய் வந்த பிறகு அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொண்டேன்: என் படைவீரர்கள் புத்தி பேதலித்து என்னையே அடிக்கிறார்கள். சொல்ல எளிது, கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஸ்டாஃப் ரூமில் யாராவது விசாரித்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

படிக்கப் படிக்க அது ஒட்டவில்லை. குடலின் உள்தோல் ஒரே ஒரு செல் தடிமன். அந்தப் பக்கம் கோடானு கோடி பாக்டீரியாக்கள், தினமும் மூன்று வேளைச் சாப்பாடு. இந்தப் பக்கம், நோய் எதிர்ப்புச் செல்களின் பெருங்கூட்டம். இவ்வளவு பேர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே, அதுதான் அதிசயம். உள்தோலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மேக்ரோஃபேஜ்கள் தாண்டி வரும் பாக்டீரியாவை விழுங்கிக் கொன்றுவிடுகின்றன, ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை. ரத்தத்திலிருந்து மோனோசைட் என்னும் இளம் செல்கள் அங்கே வந்துகொண்டே இருக்கும். சில நாட்களில் அவையும் அந்த இடத்தின் அடக்கத்தைப் பழகி, சத்தமில்லாமல் விழுங்கும் செல்களாக மாறிவிடும். பழகிக்கொடுப்பவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின் 10 என்ற சமிக்ஞை. 1993-ல் அது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் குடல் அழன்று புண்ணானது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது புண் வரவில்லை.

இதைப் படித்தபோது என் மாமாதான் நினைவுக்கு வந்தார். அவர் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் ராகி கதிர் முற்றும்போது யானைக் கூட்டம் இறங்கும். மாமா பரண் மேல் படுத்துக் காவல் இருப்பார். அரையாண்டு லீவில் நானும் ஒரு ராத்திரி போயிருந்தேன். தூரத்தில் கிளை முறியும் சத்தம். பட்டாசைக் கொளுத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டால், மாமா கையைக் கூட அசைக்கவில்லை. கூட்டம் வரப்பு ஓரமாகப் போய், ஓடையில் இறங்கி, மறைந்துவிட்டது. "இப்ப வெடிச்சா அதுங்க மிரண்டு காட்டுக்குள்ள பூந்துரும் பாப்பா" என்றார். காடு என்றால் எங்கள் பக்கம் நிலம். அடுத்த வருடம் பக்கத்துப் பரணுக்குப் புதிதாக ஒரு பையனைக் காவலுக்குப் போட்டார்கள். முயல் ஓடினாலும் வெடி போட்டான். பொங்கலுக்குள் இரண்டு வைக்கோல் போர் எரிந்துபோயின, ஒன்று மாமாவுடையது. உவமை முழுசாகப் பொருந்தாது என்று எனக்கே தெரியும். யானை நமக்குள் குடியிருப்பதில்லை, குடல் பாக்டீரியா குடியிருக்கிறது. ஆனாலும் என் குடலில் நடப்பது அந்தப் பையனின் கதைதான். வந்து சேரும் மோனோசைட்டுகள் பழகாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 23 என்று அபாயச் சத்தம் கொடுக்கின்றன. டி செல்கள் என்னும் வேறொரு வகை வெள்ளையணுக்கள் அதைக் கேட்டுத் தாங்களும் சத்தம் போடுகின்றன. நியூட்ரோஃபில் என்னும் இன்னொரு வகை வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து, கையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுச் சாகின்றன. அவை விட்டுப்போகும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தைத்தான் மலத்தில் அளக்கிறார்கள். ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு ஒருமுறை ஆயிரத்து நானூறு இருந்தது.

அடக்கும் செல்கள் இல்லாமலா இப்படி என்று கேட்கலாம். 2025-ல் சகாகுச்சி, புருங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது அந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காகத்தான். செய்தியை ஸ்டாஃப் ரூமில் காட்டி, "டீச்சர், உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க" என்றார்கள். அழன்ற குடலில் அவை குறைந்துபோவதில்லை, கூடுதலாகவே இருக்கின்றன. சுற்றி இருக்கும் செல்களுக்குத்தான் அவை சொல்வது ஏறுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் கடைசிப் பீரியட் எடுத்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

"வீட்டுல யாருக்காவது டிபி இருந்திச்சா?"

2021-ல் ஸ்டீராய்டைக் குறைத்தால் வலி வருகிறது, குறைக்காவிட்டால் முகம் ஊதுகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். பெங்களூருக்குப் போனோம். டாக்டர் சேலத்துக்காரர், தமிழிலேயே பேசினார். டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசி போடலாம் என்றார். அந்த வகையில் முதல் மருந்து 1998-லேயே கிரோனுக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 2014 கடைசியில், அதே வகை ஊசியான அடலிமுமாபுக்குப் பயோசிமிலர், அதாவது அதைப் போலவே செய்த மாற்று மருந்து, வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெயரை உச்சரிக்கவாவது முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நாலு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றுக்குப் பெயர் தெரிந்துவிட்டது, அதை வெளியேற்ற ஊசியும் இருக்கிறது. "அதை மொத்தமா எடுத்துருங்க டாக்டர்" என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் கூட ஒருமாதிரிப் பார்த்தார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வீட்டுல யாருக்காவது டிபி இருந்திச்சா மேடம்?"

அப்பாவுக்கு இருந்தது. 1988, எனக்கு ஏழு வயது. அப்பா அப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் அறுக்கும் வேலையில் இருந்தார். கல் தூசி நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களைச் செயலிழக்க வைத்து டிபிக்குக் கதவைத் திறந்துவிடும் என்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். அவருக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. பெரியம்மாதான் அதில் கண்டிப்பாக இருந்தார். டிபி தட்டில் வருவதில்லை, காற்றில் வரும். ஒரே அறைதான் எங்கள் வீடு, அதில்தான் எல்லோரும் படுத்தோம், நான் அவர் பக்கத்தில். அப்பா குணமாகி, அதற்கப்புறம் இருபத்தோரு வருடம் இருந்து, 2009-ல் மாரடைப்பில் போனார். டிபி அந்த வருடத்தோடு முடிந்த கதை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு.

ரத்தம் எடுத்தார்கள். டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தாலும் குழப்பாத சோதனை. நம் டி செல்களுக்கு டிபி கிருமியின் புரதத்தைக் காட்டி, அவை இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பது. முன்பே பார்த்த முகம் என்றால் சுரக்கும். என்னுடையவை சுரந்தன. மூன்று மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டேனே என்று கேட்டதற்கு, அரைகுறையாக நிறுத்தியதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். அப்புறம் பேனாவால் மேசைத் தாளில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நடுவில் கிருமி, சுற்றிலும் மேக்ரோஃபேஜ்கள், அதற்கும் வெளியே டி செல்கள். "இந்தச் சுவர் இடிஞ்சு விழாம நிக்கிறது டி.என்.எஃப் இருக்கிறதாலதான். நீங்க மொத்தமா எடுக்கச் சொல்றது இதைத்தான்."

இந்த ஊசி வந்த புதிதில் அது யாருக்கும் சரியாக உறைக்கவில்லை. ஊசி போட்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததை 2001-ல் ஒரு கட்டுரை எடுத்துக் காட்டியது. பலருக்கு ஊசி தொடங்கிய சில மாதங்களிலேயே. அதன் பிறகுதான் ஊசிக்கு முன்னால் இந்தக் கேள்வியும் சோதனையும் கட்டாயமாயின.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாங்காய் சீசன், கிருஷ்ணகிரி தாண்டும்வரை பெங்களூரா மாங்காய் ஏற்றிய டெம்போக்கள் கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நின்றன. என் யோசனை அந்த வட்டத்திலேயே இருந்தது. அப்பா இருமியது ஏழு வயதில். அன்றைக்கு உள்ளே வந்த கிருமியை முப்பத்து மூன்று வருடமாக யாரோ சுற்றி உட்கார்ந்து வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை, கல்யாணம், இரண்டு பிரசவம், அப்பாவின் சாவு, எதிலும் அவர்கள் எழுந்து போகவில்லை. குடலைப் பொசுக்குபவர்களும் அதே ஜாதிச் செல்கள்தான், அதே டி.என்.எஃப்-தான் இரண்டு இடத்திலும். அதைத்தான் நான் அந்த அறையில் மொத்தமாக எடுத்துவிடச் சொன்னேன்.

யார் பக்கம் நியாயம்

அதற்கப்புறம் 'அதிகம்', 'குறைவு' இரண்டு சொல்லையும் என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை. பெரியம்மாவுக்குச் சாதகமாகவும் சாட்சி இருக்கிறது என்பது வேறு தெரியவந்தது. கிரோனோடு சம்பந்தப்பட்ட முதல் மரபணுவை 2001-ல் கண்டுபிடித்தார்கள், நோட் 2 என்று பெயர். செல்லுக்குள் பாக்டீரியாவை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. கிரோனோடு சேர்ந்து வரும் மாற்றங்கள் அந்த மோப்பத்தைக் கூட்டவில்லை, மழுங்கடித்தன. அதாவது எதிர்ப்பு குறைவு. நம் ஊர்க்காரர்களிடம் அந்த மாற்றங்கள் அபூர்வம், அதனால் என் கதை அதுவாக இருக்காது. நியூட்ரோஃபில்களால் கிருமியைக் கொல்ல முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் கிரோன் போலவே குடல் புண் வருவதுண்டு. ஆரம்பத்தில் வேலை முடியாததால்தான் அப்புறம் முடிவே இல்லாமல் போகிறதோ என்னவோ. இன்டர்லூக்கின் 10 சொல்வதைக் கேட்கும் காது இல்லாமல் பிறந்த குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் புண்ணோடு வந்ததை 2009-ல் எழுதினார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றியதில் ஒரு குழந்தை தேறியது. குடலை யாரும் மாற்றவில்லை, செல்களைத்தான் மாற்றினார்கள்.

வில்லனைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு அடியும் விழுந்திருக்கிறது. அழன்ற குடலில் இன்டர்லூக்கின் 17 எக்கச்சக்கமாக இருக்கும். அதைத் தடுத்தால் சரியாகிவிடும் என்று கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்த முடிவு: மருந்து எடுத்தவர்களுக்குப் பலனில்லை, சிலருக்கு நோய் முற்றியது. இன்டர்லூக்கின் 17 சண்டை மட்டும் போடவில்லை, குடலின் உள்தோலைக் கட்டிக் காக்கவும் செய்துகொண்டிருந்தது. டி.என்.எஃப் என்ற பெயரே ஒரு தப்புத்தான். 1975-ல் எலியின் கட்டியை அழுகச் செய்ததைப் பார்த்து 'கட்டியழிப்பான்' என்று வைத்த பெயர். எனக்கு அதோடு ஐந்து வருடப் பழக்கம், அந்தப் பெயரில் சொல்ல வேண்டிய ஒன்றும் இல்லை.

டிபி வராமல் தடுக்கும் மாத்திரை ஆறு மாதம். முதல் மாதம் முடிந்த பிறகு ஊசியைத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். டி.என்.எஃப் மொத்தமாக ஒன்றும் போய்விடவில்லை, தணிந்திருக்கிறது. கால்ப்ரொடெக்டின் போன தடவை தொண்ணூறு. ராகிக் களி சாப்பிடுகிறேன், கொள்ளுக் கடைசலோடு. காய்ச்சலோ இருமலோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் உடனே வர வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வகுப்பில் இப்போது 'படைவீரர்கள்' என்று எழுதுவதில்லை. 'காவல்' என்று எழுதுகிறேன். பிள்ளைகள் பரீட்சையில் என்னமோ படைவீரர்கள் என்றுதான் எழுதுகிறார்கள், கைடில் அப்படித்தான் இருக்கிறது. மார்க் போட்டுவிடுகிறேன்.

அப்பாவின் கிருமி விஷயத்தை ரொம்ப நாள் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. போன மாதம் மாரண்டஅள்ளிக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். தட்டு தனி, டம்ளர் தனி என்று அவ்வளவு பார்த்தும் அது எனக்கு வந்து சேர்ந்ததை, இத்தனை வருடம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்ததை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீதான் அவன் நெஞ்சு மேல ஏறிப் படுத்துக்குவ. எடுத்துப் பாயில போட்டாலும் உருண்டு போயிருவ." கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ உனக்கு எதிர்ப்பு சக்தி இருந்திருக்கு" என்றார். இருந்திருக்கு பெரியம்மா என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தூக்கு வந்தது. கஷாயம்தான். செடிக்கு ஊற்றிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். காலிப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே பெரியம்மாதான். ஃப்ரிட்ஜைத் திறந்து, ஊசிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி, பின்னால் இருந்த செந்தூரா மாம்பழத்தில் பழுத்ததாக இரண்டு பார்த்து எடுத்துத் தூக்கில் போட்டு மூடினேன்.